பாளை அறிந்த கை

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று விரியும் கரிசல் காட்டில், காற்றாலைகள் வரும்வரை, ஒரு மனிதன் ஏறிப்போகக்கூடிய உயரம் என்று இருந்தது பெரும்பாலும் பனை மட்டும்தான். புஞ்சை வரப்பிலும் ஓடைக்கரையிலும் கண்மாய்க் கரையிலும் தனித்தனியாகவும் வரிசையாகவும் நிற்கும் அந்த மரத்தில் ஒருவர் ஏறும்போது பார்ப்பவரின் கண் உயரத்திலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு உயரத்துக்கு எப்படி ஏறுகிறார், விழுந்தால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளோடு பனையேறியைப் பற்றிய நம் யோசனை முடிந்துபோகிறது. அரசுத் திட்டங்களும் ஏறக்குறைய அந்த இடத்திலிருந்தே தொடங்குகின்றன. ஏறுவதுதான் சிக்கல் என்றால் ஏறும் கருவி போதும், அல்லது மரத்தைக் குட்டையாக்கினால் போதும். உடலியலும் தாவரவியலும் காட்டுவது வேறு. ஏற்றம் கடினமானது, ஆபத்தானது. ஆனாலும் அது வேலைக்குப் போகிற வழி. வேலை உச்சியில், பாளையின் அருகே, அரிவாள் பிடித்த கையில் நடக்கிறது. தேர்ந்த பனையேறியை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவது அந்த இடம்தான்.

முதலில் ஏற்றத்துக்குரிய மதிப்பைக் கொடுத்துவிடலாம். 40 அடி உயரமுள்ள 40 மரங்களை ஒருவர் காலையும் மாலையும் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் அவர் மேலேறும் உயரம் 3,200 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் கோபுரத்தின் உயரம் 192 அடி. அதைத் தரையிலிருந்து உச்சிவரை பதினாறு தடவைக்கு மேல் ஏறுவதற்குச் சமம். 60 கிலோ எடையுள்ள ஆள் 5 கிலோ சாமானோடு ஏறினால், புவியீர்ப்புக்கு எதிராக அவர் செய்யும் வேலை சுமார் 150 கிலோ கலோரி. மனிதத் தசை உணவிலிருந்து எடுக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அளவையே பயனுள்ள வேலையாக மாற்றுகிறது என்பதால் அவருக்கு ஆகும் செலவு 750 கிலோ கலோரியை ஒட்டி வரும். இறங்குவதும் மரத்துக்கு மரம் நடப்பதும் தனிக்கணக்கு. இந்த எண் பெரியதுதான், ஆனால் மலைக்கவைக்கும் எண் இல்லை. ஏறத்தாழ 200 கிராம் அரிசியில் அந்த ஆற்றல் இருக்கிறது. நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கும் ஒருவர் இதற்குக் குறையாமல் செலவழிப்பார். மொத்த உடல்வலுதான் பனையேறியைத் தீர்மானிக்கிறது என்றால், கரிசலில் கிணறு வெட்டிய ஒவ்வொருவரும் பனையேறியாகியிருக்க முடியும்.

உண்மையான தடை உடலின் ஒரு சிறு பகுதியில் இருக்கிறது. முன்கையின் தசைகள் ஒரு பொருளை இறுகப் பிடித்தபடியே இருந்தால், அந்த இறுக்கமே தசைக்குள் ஓடும் இரத்தக் குழாய்களை நசுக்கிவிடும். ஆக்சிஜன் வருவது குறைந்து, சற்று நேரத்தில் விரல்கள் தாமாகவே திறந்துகொள்ளும். பழகாதவர் மரத்தின் பாதியில் நடுங்கி நின்றுவிடுவதற்குப் பயத்தைப்போலவே இதுவும் காரணம். பழகியவரோ கையின் சுமையைக் காலுக்கு இறக்கிவிடுகிறார். இங்கே எளிய நெம்புகோல் கணக்கு உதவும். 60 கிலோ எடையுள்ளவரின் இடுப்பு மரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியும், அவர் கைக்கும் காலுக்கும் இடைவெளி 120 சென்டிமீட்டராகவும் இருந்தால், பின்னால் சாயாமலிருக்கக் கைகள் 15 கிலோ அளவுக்கு இழுக்கவேண்டும். பயத்தில் இடுப்பைப் பின்தள்ளி அந்த 30 சென்டிமீட்டரை 45 ஆக்கினால் இழுவிசை 22 கிலோவைத் தாண்டும். மரத்தோடு ஒட்டி ஏறு என்று ஏறிப் பழகியவர்கள் சொல்வதன் கணக்கு இதுதான். பாறை ஏறுபவர்களை வைத்து பிரான்சில் 1990-களில் நடந்த ஆய்வுகளும் இதையே வேறொரு பக்கத்திலிருந்து காட்டின. இடுப்பு நகரும் பாதையைக் கோடாக வரைந்தபோது, தேர்ந்தவரின் கோடு வழுவழுப்பாகவும் சுருக்கமாகவும் வந்தது. கற்றுக்குட்டியின் கோடு அங்குமிங்கும் அலைந்தது. திறமை கூடும்போது அசைவு குறைகிறது.

இந்தச் சிக்கனத்தைச் சாத்தியமாக்கும் கருவி தளைநார். பனை மட்டையின் அகணியிலிருந்து உரித்த நாரை வளையமாகக் கட்டி, இரண்டு பாதங்களையும் அதற்குள் கோத்துக்கொள்கிறார்கள். உடல் எடை கீழே தள்ளும்போது பாதங்கள் மரத்தின் வளைவில் பக்கத்துக்கு ஒன்றாக விலகி வழுக்கப் பார்க்கும். நார் அந்த விலகலைத் தடுத்து, தள்ளலை அப்படியே மரத்தின் மீதான அழுத்தமாகத் திருப்பிவிடுகிறது. உராய்வு அழுத்தத்தைப் பொறுத்துக் கூடுவதால், எடை ஏறஏறப் பிடியும் ஏறும். நழுவச்செய்யும் விசையையே பிடிமானமாக்கும் இந்த ஏற்பாட்டில் ஆணியும் இல்லை, வெட்டுப்படியும் இல்லை. அது பனைக்கு மிகவும் முக்கியம். வேம்பையோ புளியையோ வெட்டினால் பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு காயத்தைச் சுற்றிப் புதிய கட்டையை வளர்த்து மூடிவிடும். பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு அந்தத் திசு கிடையாது. தண்டில் ஒருமுறை விழுந்த வெட்டு மரம் உள்ளவரை வெட்டாகவே இருக்கும். நூறாண்டு நிற்கக்கூடிய மரத்தில் ஆண்டுக்கு முந்நூறு தடவை ஏறியும் அதன் தண்டில் ஒரு புண்கூட வைக்காத முறையை இந்த நிலத்தின் மனிதர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்பதை எத்தனை முறை நினைத்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

இத்தனையும் பிறவியிலேயே வருகிறது, அது ஒரு சாதியின் இரத்தத்தில் ஊறியது என்று சொல்வோர் உண்டு. புகழ்ச்சியாகச் சொன்னாலும் இகழ்ச்சியாகச் சொன்னாலும் அது தவறு. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த விவேக் வெங்கடராமன், தாமஸ் கிராஃப்ட், நதானியேல் டாமினி ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேரடியாகப் பொருந்துகிறது. உகாண்டாவில் தேனுக்காக மரமேறும் த்வா மக்களையும், பிலிப்பைன்ஸின் அக்தா மக்களையும், அந்தந்த நாட்டு உழவர்களோடு ஒப்பிட்டார்கள். த்வா ஆண்கள் ஏறும்போது பாதம் முழங்காலை நோக்கி 45 பாகைக்கும் மேல் மடங்கியது. தொழில்மய சமூகங்களில் வாழ்பவருக்கு எட்டாத மடக்கு அது. காரணம் எலும்பில் தென்படவில்லை. ஒலியலைப் படத்தில் பார்த்தபோது, மரமேறுபவர்களின் கெண்டைக்கால் தசை இழைகள் உழவர்களுடையதைவிட நீளமாக இருந்தன. சிறுவயதிலிருந்து மீண்டும் மீண்டும் இழுபட்ட தசை நீண்டிருக்கிறது என்பதே ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கம். கரிசல் பனையேறிகளின் கெண்டைக்காலை யாராவது இப்படி அளந்தால் பயனுள்ள தகவல் கிடைக்கும். தசை பழக்கத்தால் வளைந்துகொடுக்கும் பொருள் என்றால், எந்தப் பிள்ளையும் பனையேறியாக முடியும். அதேபோல, எந்தப் பனையேறியின் பிள்ளையும் பழகாவிட்டால் ஏற முடியாது.

இனி உச்சிக்குப் போவோம். தை, மாசியில் கரிசலின் வெள்ளாமை வீடு வந்து சேரும் சமயத்தில் பனை பாளை விடத் தொடங்குகிறது. நிலம் வெடித்துக் கிடக்கும் கோடை முழுவதும், ஆடி நெருங்கும்வரை, பதநீர்க் காலம். இலைகள் வெயிலில் தயாரித்த சர்க்கரை, பூவையும் காயையும் வளர்ப்பதற்காக உணவுக்குழல்கள் வழியாகப் பாளைக்குப் பாய்கிறது. அந்த ஓட்டத்தை வழிமறித்துக் கலயத்துக்குத் திருப்புவதுதான் வேலை. ஆனால் தாவரம் சும்மா விடாது. குழல் வெட்டுப்பட்டதும் புரதங்களும் கேலோஸ் என்ற பல்சர்க்கரையும் வெட்டுவாயை அடைக்கத் தொடங்கும். நம் காயத்தில் இரத்தம் உறைவதைப்போல. புதிய பாளையின் நுனியை வெறுமனே அறுத்தால் ஒழுங்கான ஒழுக்கு கிடைக்காது. அதற்குமுன் சில நாட்கள் பாளையைக் கடிப்பு என்ற இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தவேண்டும். ஆண் பனையில் அலகுகளைச் சேர்த்துக் கட்டி நசுக்குவதற்கு ஒரு விதம். பெண் பனையில் பிஞ்சுகளுக்கு இடைப்பட்ட காம்பை நசுக்குவதற்கு வேறு விதம். கடிப்பும் அதற்கேற்ப மாறும். அதிகம் நசுக்கினால் பாளை அழுகும், குறைந்தால் ஊறாது. நெதர்லாந்து தாவர உடலியலாளர்களான தம்மஸும் வான் டீயும் 1960-களில் பூந்தண்டிலிருந்து சாறு வடியும் முறையை ஆராய்வதற்கு யூக்கா என்ற தோட்டச் செடியைப் பயன்படுத்தினார்கள். பூங்கொத்தைப் பிசைந்து பழக்கிய பிறகு, நாளும் புது வெட்டு கொடுத்துவந்தால்தான் ஒழுக்கு நீடித்தது. ஆய்வுக்கூடம் இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்த இடத்தில் பனையேறிகள் பல தலைமுறைகளாக நின்றுகொண்டிருந்தார்கள்.

பாளை சீவுவதில் இன்னும் நுட்பமான கணக்கு இருக்கிறது. ஒரு பாளையின் பயன்படும் நீளம் ஒரு முழம், அதாவது 45 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வேளைக்கு 2 மில்லிமீட்டர் வீதம் காலையும் மாலையும் சீவினால் அது 112 நாள் வரும். 3 மில்லிமீட்டர் சீவினால் 75 நாளில் தீர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மாதத்துக்கு மேல் வருமானம் போகிறது. சரி, இன்னும் மெல்லியதாகச் சீவலாமே என்றால், அடைபட்ட குழல்முனை முழுதும் நீங்காமல் ஒழுக்கு குன்றும். ஆகவே ஒவ்வொரு பாளைக்கும், ஒவ்வொரு நாளின் வெக்கைக்கும், சரியான கனம் ஒன்று இருக்கிறது. அதைத் தரையிலிருந்து 40 அடி உயரத்தில், மட்டையின் கருக்குகளுக்கு நடுவே நின்று, அளவுகோல் இல்லாமல் ஒற்றை இழுப்பில் எடுக்கவேண்டும். அரிவாளின் கூர் மழுங்கினால் குழல்கள் வெட்டுப்படாமல் நசுங்கும். அதனால்தான் அரிவாள் தீட்டுவது பனையேறியின் அன்றாடக் கடமை. இப்படி ஒரு மரத்தில் நாலைந்து பாளைகள், நாற்பது மரங்கள் என்று கணக்கிட்டால், எந்த மரத்தில் எந்தப் பாளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற விவரம் இருநூறு வரை போகிறது. நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லை, எல்லாம் நினைவில்தான். ஒருநாள் ஏறாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து ஒழுக்கு சுருங்கும் என்பதால், அந்த நான்கைந்து மாதத்தில் விடுமுறை நாளும் கிடையாது.

கலயத்துக்குள் பூசும் சுண்ணாம்பும் இதே ரகம். பதநீரில் ஏறக்குறைய 12 சதவீதம் கரும்புச் சர்க்கரையின் அதே மூலக்கூறு இருக்கிறது. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் சில மணி நேரத்தில் அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு காரத்தன்மையை உயர்த்தி அவற்றை அடக்குகிறது. சுண்ணாம்பு குறைந்தால், கள்ளாக மாறாவிட்டாலும், அந்தச் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைந்துபோகும். உடைந்த சர்க்கரை கட்டியாவதைக் கெடுக்கும். விடிலி என்ற காய்ச்சும் குடிசையில் பெண்கள் எவ்வளவு பக்குவமாகக் காய்ச்சினாலும் கூப்பனி என்ற பாகு பதத்துக்கு வராமல், அச்சில் ஊற்றிய கருப்பட்டி இளகி நிற்கும். சுண்ணாம்பு கூடிப்போனால் நிறமும் சுவையும் கெடும். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 லிட்டர் பதநீர் தேவை. வேம்பாரிலோ உடன்குடியிலோ சந்தைக்கு வரும் கருப்பட்டியின் தரத்தில் பாதி, மரத்தின் உச்சியில் பனையேறியின் விரல் தடவிய சுண்ணாம்பில் முடிவாகியிருக்கிறது.

ஏற்றத்தையும் கைவேலையையும் இப்படிப் பிரிப்பது செயற்கையானது, இரண்டும் ஒரே ஆளின் உடம்பில் ஒன்றாக இருப்பவை என்று ஒருவர் மறுக்கலாம். கம்போடியாவைப் பார்த்தால் அவை பிரியக்கூடியவை என்பது தெரியும். அங்கும் பனைதான் நிற்கிறது. பதநீரும் வெல்லமும் உண்டு. அங்கே மரத்தோடு சேர்த்து நெடிய மூங்கிலைக் கட்டி, கணுக்களில் விட்ட கிளைத்துண்டுகளைப் படியாக மிதித்து ஏறுகிறார்கள். தளை கிடையாது. ஆனால் மேலே போனதும் மரக்கடிப்பால் பாளையை இடுக்குவதும், காலை மாலை மெல்லச் சீவுவதும் நம்மூர் வேலையாகவே இருக்கிறது. இலங்கையின் மேற்குக் கரையில் தென்னங்கள் இறக்குபவர்கள், தோப்பில் மரத்துக்கு மரம் கட்டிய கயிற்றின்மேல் வானத்திலேயே நடந்துபோகிறார்கள். அங்கும் உச்சியில் நடப்பது இடுக்கலும் சீவலும்தான். மூங்கில் கிடைக்கும் நாட்டில் ஏணி, நெருங்கிய தோப்பில் கயிறு, மூங்கிலும் இல்லாமல் மரங்களும் வரப்புக்கு வரப்பு தள்ளி நிற்கும் கரிசலில் தளைநார். வழி ஊருக்கேற்ப மாறியிருக்கிறது. உச்சி வேலை மாறவில்லை.

ஆகவே ஏறும் இயந்திரத்தைப் பற்றிய கேள்விக்கும் இங்கிருந்தே விடை வருகிறது. கேரளத்தின் கண்ணூர் பக்கத்துச் செம்பேரியில் உருவான மிதிகருவி தென்னையில் நன்றாகப் பயன்படுகிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் அப்படிப்பட்ட கருவிகளைக் கொடுத்து இளைஞர்களைப் பயிற்றுவித்ததில், ஏறவே தெரியாதவர்கள் தேங்காய் பறிப்பவர்களானார்கள். அது நல்ல வேலை. ஆனால் தேங்காய் பறிக்க ஒரு மரத்தில் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும். பதநீருக்கு நாளைக்கு இரண்டு முறை ஏறவேண்டும். நாற்பது மரத்திலும் கருவியை மாட்டிக் கழற்றும் நேரம் எண்பது மடங்காகப் பெருகும். பனையின் அடித்தண்டு பெருத்தும் மேலே சிறுத்தும் இருப்பதால் பிடியின் அளவும் மாறிக்கொண்டே வரவேண்டும். இந்தச் சிக்கல்களைப் பொறியாளர்கள் ஒருநாள் தீர்த்துவிடலாம், தீர்க்கவும் வேண்டும். அப்போதும் அந்தக் கருவி ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்துவது மட்டைகளுக்குக் கீழே. அதற்கு மேல் அவர் கையில் இருப்பது அரிவாளும் கடிப்பும். குட்டைப் பனைக்கும் இதே பதில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்தின் எஸ்விபிஆர் 1 போன்ற ரகங்கள் ஏற்றத்தைக் குறைக்கலாம், சீவும் கனத்தைச் சொல்லித்தராது.

இதை வைத்துக்கொண்டு, ஏறும் ஆபத்தைச் சிறிதாக்கிப் பேசுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. தென்னிந்தியாவில் முதுகுத்தண்டு முறிந்து வாழ்நாள் முழுக்க நடக்க முடியாமல் போனவர்களைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில், மரத்திலிருந்து விழுவது முதன்மையான காரணங்களில் ஒன்றாகத் திரும்பத் திரும்ப வருகிறது. கயிறு கட்டினால் பனையேறியின் லாவகம் போய்விடும், அது அவர்கள் மரபுக்கு இழுக்கு என்று சொல்லும் குரலும் இருக்கிறது. திறமை ஏற்றத்தில் மட்டுமே இருந்திருந்தால் அந்தப் பேச்சில் ஓரளவு பொருள் இருந்திருக்கும். மேலைநாடுகளில் மரம் பராமரிக்கும் தொழிலாளர்களுக்காக 1976-இலிருந்து ஒரு பன்னாட்டுப் போட்டி நடக்கிறது. அதில் வேகமாக ஏறுவது ஐந்து பிரிவுகளில் ஒன்று மட்டுமே. கிளைகளுக்கிடையே கயிற்றில் நகர்ந்து, ஆங்காங்கே தொங்கும் மணிகளை ஒழுங்காகத் தொட்டு வேலை செய்துகாட்டுவது ஒரு பிரிவு; மரத்தில் அடிபட்டுத் தொங்கும் சகதொழிலாளியைப் பத்திரமாக இறக்குவது இன்னொரு பிரிவு. மீட்கத் தெரிவதை அங்கே திறமையின் பங்காக எண்ணுகிறார்கள். நம் பனையேறியோ வரப்பில் தனியாக நிற்கும் மரத்தில் விடியும் முன்பே தனியாக ஏறுகிறார். உச்சியில் நின்று இரண்டு கையாலும் வேலை செய்யும் அந்தச் சில நிமிடங்களுக்கு இடுப்பையும் மரத்தையும் இணைக்கும் பட்டை ஒன்று இருந்தால், அரிவாள் பிடித்த கை இன்னும் நிதானமாகச் சீவும். பனைத் தொழிலாளர் நலவாரியத்தின் இழப்பீடு விழுந்த பிறகு வருவது. பட்டை விழாமல் காப்பது.

இவ்வளவு கற்றுக்கொள்ள இன்று யார் வருவார், அரை ஆண்டு வேலைக்கு உயிரைப் பணயம் வைப்பார்களா என்பது கடைசி மறுப்பு, வலுவான மறுப்பும் அதுதான். 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், புளித்துவிட்ட பதநீர் நட்டமாவதோடு வழக்குக்கும் இடம் கொடுக்கிறது. கருப்பட்டி என்ற பெயரில் சீனிப்பாகு கலந்த கட்டிகள் விலையைக் கீழே இழுக்கின்றன. இவை தொழிலின் பொருளாதாரம் சார்ந்தவை, நிர்வாகம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாமல் போகக்கூடியது வேறொன்று. தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளை 30 மாவட்டங்களில் வழங்குவதாக அறிவித்தது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்றும் சொன்னது. விதைத்த பனை பாளை விடப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டு ஆகும். அது ஆணா பெண்ணா என்பதுகூட அப்போதுதான் தெரியும். அதாவது 2021-இல் முளைத்த கன்று 2033-க்கும் 2041-க்கும் இடையில்தான் முதல் கடிப்பைப் பார்க்கும். இன்று பாளை சீவும் கைகளில் பெரும்பாலானவை நடுவயதைத் தாண்டியவை.

அந்தக் கைகள் அறிந்ததை அளந்து எழுதிவைக்க முடியும் என்பதுதான் இதில் நம்பிக்கை தரும் செய்தி. சீவிய ஒவ்வொரு வில்லையின் கனத்தையும் திருகு அளவியால் அளந்து, அன்றைய வெப்பத்தோடும் வடிந்த பதநீரின் அளவோடும் சேர்த்து ஒரு பருவம் முழுக்கப் பதிவு செய்யலாம். கடிப்பை அழுத்தும் விசையை உணரியால் அறியலாம். அதே பாளையைப் பத்தாண்டு அனுபவமுள்ளவரும் முதலாண்டு பழகுபவரும் கையாளும்போது எங்கே வேறுபடுகிறார்கள் என்று படம் எடுத்து ஒப்பிடலாம். 1901 முதல் மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து, தான் கொடுத்த பருத்திக்கும் சோளத்துக்கும் தன் ஊரின் முதலெழுத்தான ‘கே’யைப் பெயராக வைத்த ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியில் இருக்கிறது. பனையை ஆராயும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் இதே மாவட்டத்தில்தான். ஆய்வுக்கு வேண்டிய மரங்கள் வரப்பில் நிற்கின்றன. சம்பளம் கொடுத்துப் பேராசிரியர் இடத்தில் உட்காரவைக்க வேண்டியவர்கள் அந்த மரங்களில் இருக்கிறார்கள். அடுத்த தையில் பாளை வெடிக்கும்போது தொடங்கலாம்.